சோம்பேறி என்றோமே, தோழர்களே!

தோழர்களே! ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இன்று பேனாவை எடுத்தேன். குற்றவாளி வேறு யாருமல்லன், நானேதான்!

கோவையில் லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர். வயது 41. பெயர் வேண்டாம், அவர் விரும்பவில்லை. நம் சங்கத்தின் பொருளாளராக இருந்தவர். இயந்திரம் ஓடும் ஓசையைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்தது என்று சொல்லிவிடுவார். எவராலும் முடியாத ரிப்பேர் என்றால் சோறு தண்ணீர் மறந்து விடியவிடிய உட்கார்ந்திருப்பார். ஆனால் ஜாப் கார்டு எழுத மறப்பார். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதித்து வருவார். சாவியைத் தொலைப்பார். மூன்று பட்டறை மாறினார். மூன்றிலும் சார்ஜ் மெமோ வாங்கினார். ஒருநாள் சங்கத்தின் சந்தா ரசீதுப் புத்தகத்தையே பஸ்ஸில் விட்டுவிட்டார்!

நாம் என்ன செய்தோம்? பொதுக்குழுவைக் கூட்டினோம். "பொறுப்பற்றவர்" என்று கண்டித்தோம். பதவியிலிருந்து நீக்கினோம். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். அவர் வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்தபடியே வெளியேறினார். இழந்த பணத்தைத் தம் கூலியிலிருந்து தவணை தவணையாகக் கட்டி முடித்தார். பணத்தைத் தின்றவர் அப்படிச் செய்வாரா? அன்று இதைக் கேட்கும் புத்தி எனக்கு இல்லை!

உண்மை பிறகுதான் வெளிப்பட்டது. அவருடைய பத்து வயது மகள் பள்ளியில் கவனம் நிலைக்காமல் தவித்தாள். ஆசிரியை சொன்னபடி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மருத்துவர் குழந்தையைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். தந்தைக்கு வியர்த்தது. கேட்ட கேள்வியெல்லாம் தம்மைப் பற்றியே கேட்டதாகப் பட்டது! அதையே வாய்விட்டுச் சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் உங்களுக்காக வாருங்கள், உங்கள் தாயாரையும் அழைத்து வாருங்கள்" என்றார்.

தாயார் வந்தார். "சின்னப் பையனா இருக்கறப்பவே இப்படித்தானுங்க. ஒரே வருசத்துல மூணு சிலேட்டைத் தொலைச்சான். வாத்தியார் அடிச்ச அடியில கை வீங்கிப் போச்சுங்க" என்றார். இரண்டு மூன்று முறை விசாரித்து, வேறு நோய் இல்லை என்று தெளிந்த பிறகு மருத்துவர் பெயர் சொன்னார்: கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு. சுருக்கமாக ஏ.டி.எச்.டி.

இது என்ன புதுப் பெயர், பணக்காரர் வீட்டுப் பெயர் என்று எண்ணாதீர்கள். ஸ்காத்லாந்து மருத்துவர் அலெக்சாந்தர் கிரைட்டன் 1798-லேயே கவனம் நிலைக்காத இந்தத் தவிப்பை எழுதிவைத்தார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். இப்போதுள்ள பெயர் 1987-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் வந்தது. பிள்ளைப் பருவத்தோடு போய்விடும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். பலருக்கு அது போவதில்லை என்று பின்னர்தான் தெளிந்தது. 2013-இல் வந்த கையேடு பெரியவர்களுக்கென்று தனி அளவே வகுத்தது. வயது வந்தோரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. இருநூறு பேர் வேலை செய்யும் ஆலையில் நாலைந்து பேர்! அவர்களில் எத்தனை பேருக்கு "சோம்பேறி" என்று பட்டம் கட்டியிருக்கிறோம்?

"மறதி யாருக்குத்தான் இல்லை?" என்று கேட்கும் தோழர் உண்டு. நியாயமான கேள்வி. இருமல் எல்லோருக்கும் வரும். எல்லா இருமலும் காசநோய் ஆகுமா? இந்தக் குறைபாட்டின் அடையாளங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, வேலை, வெளியிடம் என்று ஓரிடத்துக்கு மேல் தென்பட வேண்டும். வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கவேண்டும். இரவு ஷிப்டில் தூக்கம் கெட்டவனுக்கும், மனச்சோர்வில் விழுந்தவனுக்கும், குடியில் சிக்கியவனுக்கும், தைராய்டு கோளாறு உள்ளவனுக்கும் கவனம் சிதறும். இரத்தத்தைச் சோதித்தோ படம் பிடித்தோ இந்தக் குறைபாட்டைக் கண்டு சொல்ல முடியாது. பொறுமையாக விசாரித்தறியும் மருத்துவரே வேண்டும். நமக்கு நாமே பட்டம் சூட்டிக்கொள்வதும் தவறு. அடுத்தவனுக்குச் சூட்டுவது அதைவிடத் தவறு!

பெயர் தெரிந்த அன்று அவருக்கு மகிழ்ச்சி. "நான் கெட்டவன் இல்லை தோழர்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுவாரம் அழுதார். "மூன்றாம் வகுப்பில் எவராவது இதைச் சொல்லியிருந்தால் அடி வாங்கியிருப்பேனா? படிப்பை விட்டிருப்பேனா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. தாமதமாகத் தெரிந்துகொண்ட பலருக்கும் இந்த ஆறுதலும் துக்கமும் சேர்ந்தே வருகின்றன. அந்த நாட்களில் அவருக்கு உபதேசம் தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது.

மருந்து உண்டா? உண்டு. இவருக்கு மெத்தில்பெனிடேட் என்ற மாத்திரை. மூளையில் டோப்பமின், நார் அட்ரினலின் என்னும் பொருள்கள் வேலை செய்யும் விதத்தை அது சீராக்குகிறது. "ஏழு மிஷின் ஓடும் பட்டறையில் ஆறு நின்றாற்போல் இருக்கிறது" என்றார். ஆனால் பசி குறையலாம், தூக்கம் கெடலாம், இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கவனிக்க வேண்டும். சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து இது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது. நண்பனுக்குக் கொடுக்கவும் கூடாது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதும் இல்லை.

மாத்திரை கவனத்தைத் தரும், பழக்கத்தைத் தராது. பழக்கத்தை அவரும் அவர் துணைவியாரும் சேர்ந்தே கட்டினார்கள். கதவோரம் ஓர் ஆணி. சாவிக்கு அதைத் தவிர வேறு இடமில்லை. சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு; வாய்ச்சொல்லாக வரும் எந்த வேலையும் உடனே அதில் ஏறும். பெரிய வேலை நாலு துண்டாக்கப்படும். செல்போன் மணி இரண்டு முறை அடிக்கும்: ஒன்று எழ, ஒன்று கிளம்ப. ஜாப் கார்டு எழுதும்போது பக்கத்து லேத்துத் தோழர் தம் கார்டுடன் அருகில் உட்காருவார். பேச்சில்லை, உட்கார்ந்தால் போதும், வேலை நடக்கும்! ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். இத்தனை ஆண்டுகளாக அவருடைய மறதியைத் தம் தலையில் சுமந்தவர் அந்த அம்மையார். கணவனுக்கு நோயின் பெயர் கிடைத்துவிட்டதால் மனைவியின் சுமை தானே இறங்கிவிடாது.

"முதலாளி கையில் ஆயுதம் கொடுப்பதாகாதா?" என்று தோழர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் வீண் அல்ல. ஆகவே யாரிடம் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நோயாளியின் விவரத்தை இரகசியமாகக் காப்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தந்த உரிமை. அதை டீக்கடையில் பேசுவது துரோகம்! 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. இதற்குத் தனி இடமில்லை. பட்டியலில் பெயர் ஏறும் வரை சங்கம் கைகட்டி நிற்கலாமா? வாய்மொழி உத்தரவை எழுத்தில் கேட்பதற்குச் சட்டம் வேண்டுமா? மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஷிப்டு மாற்றிக்கொடுக்கச் சட்டம் வேண்டுமா? அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி 14416 இருக்கிறது; அழைப்புக்குக் கட்டணம் இல்லை. தனியே போகத் தயங்கும் தோழனோடு துணைக்குப் போக நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி!

பொறுப்பை அவர் தட்டிக்கழிக்கவில்லை. தவறு தவறுதான், அதன் காரணம் தெரிந்தால்தான் அதைத் திருத்த வழி தெரியும். அவரும் அதைத்தான் கேட்கிறார்.

வரும் பொதுக்குழுவில், அன்று நான் முன்மொழிந்த கண்டனத் தீர்மானத்தை இரத்து செய்யும்படி நானே எழுந்து கேட்பேன். பொருளாளர் பதவியைத் திரும்ப ஏற்பீர்களா என்று அவரைக் கேட்டேன். சிரித்தார். "ரசீதுப் புத்தகம் வேறு கையில் இருக்கட்டும் தோழர். சங்கத்து மோட்டாரும் மைக் செட்டும் கெட்டுக் கிடக்கின்றன, அவற்றை என்னிடம் விடுங்கள்" என்றார்.

தோழர்களே! உங்கள் பட்டறையிலும் தலையைக் குனிந்தபடி வெளியேறிய ஒருவர் இருப்பார். இன்று மாலை ஷிப்டு முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போங்கள்.