தமிழ்ச் சிறுவர் இலக்கிய எழுத்தாளர்கள்

தமிழ்ச் சிறுவர் இலக்கிய எழுத்தாளர்கள் எனப்படுவோர், குழந்தைகளையும் சிறுவர்களையும் முதன்மை வாசகர்களாகக் கொண்டு தமிழில் பாடல், கதை, புதினம், நாடகம், அறிவியல் நூல் முதலியவற்றைப் படைப்போர் ஆவர். இவர்களுள் பலர் வங்கி, பள்ளி, தொடர்வண்டித் துறை, இதழியல் போன்ற பிற பணிகளில் இருந்துகொண்டே எழுதியவர்கள். இந்திய அளவில் இவர்களைச் சிறப்பிக்கும் தனி விருதினைச் சாகித்திய அகாதமி 2010 ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது.

வரலாறு

ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் போன்ற நூல்கள் சிறுவர்களுக்கு நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்தன. இவை அறத்தை முன்வைத்த நூல்கள். குழந்தையின் விளையாட்டும் வியப்பும் இவற்றின் பேசுபொருள் அல்ல. 1840 ஆம் ஆண்டு வெளிவந்த பாலதீபிகை தமிழின் தொடக்ககாலச் சிறுவர் இதழாகக் குறிப்பிடப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. சுப்பிரமணிய பாரதியாரின் பாப்பாப் பாட்டு 1915 இல் வெளிவந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எளிய சொற்களில் குழந்தைப் பாடல்கள் பல இயற்றினார். அவரது மலரும் மாலையும் என்னும் தொகுப்பில் அவை இடம்பெற்றுள்ளன. 1947 இல் தொடங்கிய அம்புலிமாமா, கல்கி நிறுவனம் 1972 இல் தொடங்கிய கோகுலம் ஆகிய இதழ்கள் பல தலைமுறை வாசகரை உருவாக்கின. வத்தலக்குண்டில் பிறந்த ஜோதிர்லதா கிரிஜா போன்ற சிலர் சிறுவர் இதழ்களில் எழுதத் தொடங்கிப் பின்னர் பெரியோருக்கான புதின ஆசிரியர்களாக அறியப்பட்டனர்.

பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளில் வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் (1968-1976) இத்துறையின் பெருமுயற்சிகளுள் ஒன்று. குழந்தை இலக்கியத்தின் வரலாற்றை முனைவர் பூவண்ணன் தனி நூலாக எழுதினார்.

அழ. வள்ளியப்பாவும் எழுத்தாளர் சங்கமும்

"குழந்தைக் கவிஞர்" எனப் போற்றப்படும் அழ. வள்ளியப்பா (நவம்பர் 7, 1922 - மார்ச் 16, 1989) புதுக்கோட்டை மாவட்டம் இராயவரத்தில் பிறந்தார். சக்தி இதழ் அலுவலகத்தில் காசாளராகப் பணியைத் தொடங்கிய இவர், பின்னர் இந்தியன் வங்கியில் பணியாற்றினார். இவரது முதல் பாடல் தொகுப்பு மலரும் உள்ளம் 1944 இல் வெளிவந்தது. இந்திய ஆறுகளைப் பற்றி இவர் எழுதிய நமது நதிகள் பல இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

1950 இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற வள்ளியப்பா முதன்மைக் காரணமாக இருந்தார். தனித்தனியே எழுதி வந்தோர் ஓரிடத்தில் கூடவும், ஒருவர் நூலை மற்றவர் அறியவும், குழந்தைகளுக்கு எழுதுவது தனித்த கலை என்னும் எண்ணம் வலுப்பெறவும் இச்சங்கம் உதவியது. பிற்காலத்தில், 2021 இல், தமிழ்நாடு சிறார் எழுத்தாளர்கள் கலைஞர்கள் சங்கம் தொடங்கப்பட்டது.

பால சாகித்திய புரசுகார்

சாகித்திய அகாதமி 2010 முதல் ஒவ்வோர் ஆண்டும் இந்திய மொழிகளில் சிறந்த சிறுவர் இலக்கியத்துக்கு இவ்விருதை வழங்குகிறது. விருதில் ரூ. 50,000 பணமும் செப்புப் பட்டயமும் அடங்கும். ஒரு நூலுக்காகவோ ஒருவரது ஒட்டுமொத்தப் பங்களிப்புக்காகவோ இது வழங்கப்பட்டுள்ளது. தமிழில் இவ்விருதைப் பெற்றோர்:

2010 - மா. கமலவேலன் (அந்தோணியின் ஆட்டுக்குட்டி)
2011 - ம. இலெ. தங்கப்பா (சோளக்கொல்லைப் பொம்மை)
2012 - கொ. மா. கோதண்டம் (காட்டுக்குள்ளே இசை விழா)
2013 - ரேவதி (பவளம் தந்த பரிசு)
2014 - இரா. நடராசன் (விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்)
2015 - செல்ல கணபதி (தேடல் வேட்டை)
2016 - குழ. கதிரேசன் (ஒட்டுமொத்தப் பங்களிப்பு)
2017 - வேலு சரவணன் (ஒட்டுமொத்தப் பங்களிப்பு)
2018 - கிருங்கை சேதுபதி (சிறகு முளைத்த யானை)
2019 - தேவி நாச்சியப்பன் (ஒட்டுமொத்தப் பங்களிப்பு)
2020 - எஸ். பாலபாரதி (மரப்பாச்சி சொன்ன ரகசியம்)
2021 - மு. முருகேஷ் (அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை)
2022 - ஜி. மீனாட்சி (மல்லிகாவின் வீடு)
2023 - உதயசங்கர் (ஆதனின் பொம்மை)
2024 - யூமா வாசுகி (தன்வியின் பிறந்தநாள்)
2025 - விஷ்ணுபுரம் சரவணன் (ஒற்றைச் சிறகு ஓவியா)

இவர்களுள் தேவி நாச்சியப்பன் வள்ளியப்பாவின் மகளாவார். வேலு சரவணன் சிறுவர் நாடகக் கலைஞர். முதல் விருதைப் பெற்ற கமலவேலன் திண்டுக்கல்லைச் சேர்ந்தவர்.

பேசுபொருளில் மாற்றம்

முற்காலச் சிறுவர் கதைகளில் அரசர், முனிவர், பேசும் விலங்குகள் ஆகியோரே மிகுதியாக இடம்பெற்றனர். அண்மைக் காலத்தில் குழந்தையின் அன்றாட வாழ்வும் அதில் அது எதிர்கொள்ளும் இடர்களும் கதைக்குள் வந்துள்ளன. இரா. நடராசனின் ஆயிஷா, வகுப்பில் கேள்வி கேட்டு அடிபடும் மாணவி ஒருத்தியின் கதை. பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம், பாலியல் சீண்டலுக்கு உள்ளாகும் சிறுமி அதனை வெளியே சொல்லத் துணிவு பெறுவதைக் கூறுகிறது. விஷ்ணுபுரம் சரவணனின் கயிறு, மாணவர்கள் கையில் கட்டும் சாதி அடையாளக் கயிற்றைப் பற்றிப் பேசுகிறது. பெரியவர்கள் பேசத் தயங்கும் செய்திகளைக் குழந்தையிடம் அச்சுறுத்தாமல் சொல்வதே இவ்வகை எழுத்தின் அருமையும் பொறுப்பும் ஆகும்.

மலையும் எல்லையும்

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு முனையில், கூடலூரை அடுத்து லோயர் கேம்ப் அமைந்துள்ளது. முல்லைப் பெரியாறு அணை நீரால் இயங்கும் பெரியாறு நீர்மின் நிலையமும் பென்னிகுவிக் மணிமண்டபமும் இங்குள்ளன. இதனை ஒட்டிய பளியன்குடியில் பளியர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கான மலைப்பாதை அங்கிருந்து தொடங்குகிறது. சாலை வழியே மலையேறினால் கேரளத்தின் குமுளி.

இப்பகுதிச் சிறுவர் அறிந்த உலகம் அணை நீர், யானை, தேன், திராட்சைத் தோட்டம், ஏலத் தோட்டங்களுக்கு அதிகாலையில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் ஆகியவற்றால் ஆனது. பாடநூல் இவற்றைச் செய்தியாகத் தரக்கூடும். கதையாகத் தருவது சிறுவர் எழுத்தாளரின் பணி. இதே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய இராசபாளையத்தைச் சேர்ந்த "குறிஞ்சிச் செல்வர்" கொ. மா. கோதண்டம், காட்டையும் மலைவாழ் மக்களையும் தம் படைப்புகளின் களமாகக் கொண்டவர். எனினும், மலை மக்களைப் பற்றிப் பிறர் எழுதுவதும் அம்மக்களே தம் குழந்தைகளுக்காக எழுதுவதும் ஒன்றல்ல. பின்னது இன்னும் மிகுதியாக வளர வேண்டிய துறையாகும்.

எல்லைக்கு அப்பாலுள்ள மலையாளச் சிறுவர் இலக்கியமும் மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழ்ச் சிறுவரை அடைகிறது. கோவில்பட்டியைச் சேர்ந்தவரும் தொடர்வண்டி நிலைய அதிகாரியாகப் பணியாற்றியவருமான உதயசங்கர், ஓவியரான யூமா வாசுகி ஆகிய இருவரும் மலையாளத்திலிருந்து சிறுவர் நூல்கள் பலவற்றைத் தமிழாக்கியுள்ளனர்.

பிற நாடுகளில்

ஒரு சமூகத்தின் குழந்தைகள் தம் வாழ்வை நூல்களில் காணவேண்டும் என்னும் எண்ணம் பிற நாடுகளிலும் விருதுகளுக்கு வழிவகுத்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் இலத்தீன் அமெரிக்க வழியினரான சிறுவர் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் சிறப்பிக்க 1996 இல் புரா பெல்பிரே விருது நிறுவப்பட்டது. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த புரா பெல்பிரே, நியூயார்க் பொது நூலகத்தில் 1921 முதல் பணியாற்றியவர். எசுப்பானிய மொழிக் குழந்தைகளுக்கு அவர்தம் மொழியிலேயே கதை சொன்னவர். 1996 இல் எழுத்தாளர் பாட் மோரா, மெக்சிக்கோவின் குழந்தைகள் நாளான ஏப்ரல் 30 ஐக் குழந்தைகளுக்கும் நூல்களுக்கும் உரிய நாளாகக் கொண்டாடும் இயக்கத்தைத் தொடங்கினார். அந்நாட்டின் புகழ்பெற்ற நியூபெரி பதக்கத்தை மாட் டே லா பென்யா (2016), மெக் மெடினா (2019) ஆகியோர் பெற்றனர்.

பள்ளிகளும் வாசிப்பும்

எழுத்தாளரைக் கொண்டாடுவதன் நிறைவு, அவர் நூல் குழந்தையின் கையைச் சேர்வதில் உள்ளது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022 இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய இதழ்களைத் தொடங்கியது. 2023 இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், "நுழை, நட, ஓடு, பற" என நான்கு நிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு வழங்கியது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையும் தானே ஒரு நூலை முழுமையாகப் படித்து முடிக்க முடிவது இம்முறையின் சிறப்பாகும்.

இவற்றையும் பார்க்க

அழ. வள்ளியப்பா
குழந்தைகள் கலைக்களஞ்சியம்
சாகித்திய அகாதமி
பளியர்
லோயர் கேம்ப்