பழையாற்றுக்கு மூச்சு வேண்டும்

நாகர்கோவில் ஒழுகினசேரிப் பாலத்தில் சிறிது நேரம் நின்று பழையாற்றைப் பார்ப்பது என் வழக்கம். ஆடி மாதத்தில் மழைநீரும் பாசனத்துக்குத் திறக்கப்பட்ட அணை நீரும் சேர்ந்து ஆறு ஓடும். பேச்சிப்பாறை அணை அடைக்கப்பட்டபின், பங்குனி, சித்திரையில் ஆகாயத்தாமரைக்கு அடியில் கறுத்த நீர் தேங்கிக் கிடக்கும். கோடையில் ஆற்றில் எஞ்சுவது பெரும்பாலும் நகரின் சாக்கடை நீர்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் விளையும் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் தந்து, சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலில் கலக்கும் ஆறு இது. நகரம் விடும் கழிவு வயலுக்கும் காயலுக்குமே சென்று சேர்கிறது.

கழிவுநீர் எவ்வளவு? 2011 கணக்கெடுப்பின்படி நாகர்கோவிலின் மக்கள்தொகை சுமார் 2.24 லட்சம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பதும், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பதும் மத்திய அரசின் திட்டமிடல் அளவுகோல்கள். அக்கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 2.4 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகும். நகர எல்லை விரிவடைந்த இன்று இது இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

அந்நீர் ஆற்றை எப்படிக் கொல்கிறது? கழிவிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் செலவிடுகின்றன. வெப்பமான நம் பகுதியில் ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைந்திருப்பது ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன். ஒரு லிட்டர் சாக்கடை நீருக்கோ ஏறத்தாழ 250 மில்லிகிராம் தேவை. அதாவது, ஒரு குடம் சாக்கடை முப்பது குடம் நல்ல நீரின் மூச்சை நிறுத்திவிடும். மீன் சாவதும் நீர் கறுத்து நாறுவதும் இதனால்தான்.

சுத்திகரிப்பு நிலையம் செய்வதும் இதே வேலையைத்தான். ஆற்றின் ஆக்சிஜனைப் பறிக்காமல், தொட்டிக்குள் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களை அங்கேயே உண்ண வைக்கிறது. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கண்டறியப்பட்ட இம்முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. தொழில்நுட்பம் நமக்குப் புதிதன்று.

நாகர்கோவிலில் பாதாளச் சாக்கடைத் திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டும் தோண்டப்பட்டும் வருகிறது. விவாதமெல்லாம் நிலையத்தின் கொள்ளளவு, ஒதுக்கிய தொகை ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்கிறது. ஆனால் எத்தனை பெரிய நிலையமும் தன்னிடம் வந்து சேரும் நீரை மட்டுமே சுத்திகரிக்கும். வீட்டுக் கழிவுக் குழாய் தெருவோர மழைநீர் ஓடையில் திறந்திருக்கும்வரை ஆற்றுக்கு விடிவில்லை.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். ஆற்றிலும் அனந்தனாறு போன்ற கால்வாய்களிலும் கலக்கும் ஓடைகளை முதலில் கணக்கெடுத்து, அவற்றை ஒட்டிய வீடுகள், விடுதிகள், திருமண மண்டபங்களுக்கு முன்னுரிமை அளித்து இணைப்புத் தர வேண்டும். இணைப்புக் கட்டணம் செலுத்த இயலாத ஏழை வீடுகளுக்குச் சலுகை வேண்டும். குழாய் எட்டாத இடங்களில் கழிவுநீர்த் தொட்டிகளை முறையாகத் தூர்வாரி, அந்த லாரிகள் ஆற்றோரத்தில் கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

அத்துடன், நகருக்கு மேலே தாழக்குடியிலும் கீழே சுசீந்திரத்திலும் ஆற்று நீரைச் சோதித்து, முடிவை மாதந்தோறும் மக்கள் அறியும்படி வெளியிட வேண்டும். குளிப்பதற்கு ஏற்ற நீரில் ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. செலவழித்த கோடிகளைவிட அந்த ஓர் எண்ணே உண்மையைச் சொல்லும்.

அடுத்த சித்திரையில் அணை அடைத்திருக்கும் நாளில் பாலத்தில் நின்று பார்ப்போம். திட்டம் வென்றதா, தோற்றதா என்பதை ஆறே சொல்லிவிடும்.