அறுந்து போகும் வைஃபை: டெப் மீது மட்டும் பழி சுமத்தலாமா?

டெப் எனப்படும் கைக்கணினி நமது நாட்டின் பல வீடுகளில் ஒரு காலத்தில் ஆடம்பரப் பொருளாகவே கருதப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, கற்பித்தல் இணையவழிக்கு மாறியபோது அந்நிலை மாறிற்று. நகைகளை அடகு வைத்தேனும் பிள்ளைக்கு ஒரு டெப் வாங்கிக் கொடுத்த பெற்றோரை நாமறிவோம். பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் அக்கருவிகள் ஓய்வு பெறவில்லை. உயர்தர மாணவரின் மேலதிக வகுப்பு, சிறுவர்களின் குர்ஆன் வகுப்பு, கட்டாரிலோ சவூதியிலோ தொழில் புரியும் தந்தையின் இரவு நேர அழைப்பு என யாவும் அச்சிறு திரையினூடாகவே வீட்டுக்குள் வருகின்றன.

இத்தகைய வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. வைஃபை இணைப்பு நிற்பதில்லை. பாடம் நடுவே அறுந்துவிடுகிறது. அடையாளக் கோடுகள் நிறைந்திருந்தும் பக்கம் திறப்பதில்லை என்பதே அது. அடுத்த கணமே, டெப் பழுதாகிவிட்டது என்ற தீர்ப்பும் வழங்கப்பட்டு விடுகிறது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்ததிலிருந்து இறக்குமதிக் கருவிகளின் விலை சாதாரண குடும்பங்களின் கைக்கெட்டாத உயரத்தில் நிற்கின்றது. இந்நிலையில் அத்தீர்ப்பு தவறானதாக இருக்குமாயின், அதற்கான தண்டப்பணத்தைச் செலுத்துவது அக்குடும்பமே என்பதை மறந்துவிடலாகாது.

கம்பியில்லா இணைப்பு என்பது ஒரு கருவியின் தனிப்பட்ட குணமன்று. அது இரு தரப்புகளுக்கிடையிலான ஓர் உடன்படிக்கை. டெப் ஒரு தரப்பு. வீட்டின் மூலையில் விளக்குகள் மின்ன அமர்ந்திருக்கும் ரவுட்டர் மறு தரப்பு. அதற்கப்பால், ரவுட்டரை வெளியுலகுடன் இணைக்கும் தொலைபேசிக் கம்பியோ, ஃபைபர் இழையோ, 4ஜி கோபுரமோ மூன்றாவதாக நிற்கின்றது. இம்மூன்றில் எது தவறினாலும் பயனாளர் காண்பது ஒரே காட்சியைத்தான்: அசையாத திரை. ஆகவே, தவறு எங்கே உள்ளது என்பதை முதலில் பிரித்தறிவதே இங்கு இன்றியமையாத பணியாகும்.

இதனை விளக்குவதற்குச் சிறந்ததோர் உதாரணம் டெப் யுகத்தின் தொடக்கத்திலேயே கிடைக்கின்றது. அப்பிள் நிறுவனத்தின் முதலாவது ஐபேட், 2010 ஏப்ரல் 3 ஆம் திகதி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. முதல் நாளில் மாத்திரம் 300,000 இற்கும் மேற்பட்டவை விற்பனையாகின. சில நாட்களுக்குள்ளேயே, வைஃபை இணைப்பு நிலைப்பதில்லை என்ற முறைப்பாடுகள் குவியத் தொடங்கின. முறைப்பாடுகள் யாவும் ஒரே தொனியில் அமைந்திருந்த போதிலும் அவற்றின் காரணங்கள் வெவ்வேறாக இருந்தன என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

முதலாவது காரணம் ரவுட்டரின் அமைப்புடன் தொடர்புற்றது. பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் ஒரே வேளையில் இயங்குபவை. இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டப்பட்டிருந்தாலோ, இரண்டிலும் பாதுகாப்பு முறை வேறுபட்டிருந்தாலோ, உறக்கத்திலிருந்து விழிக்கும் ஐபேட் தனக்குப் பழக்கமான வலையமைப்பில் மீண்டும் சேரத் தவறலாம் என அப்பிள் அறிவித்தது. இரு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர்களையும் ஒரே வகைப் பாதுகாப்பையும் கொடுக்குமாறு ஆலோசனை கூறப்பட்டது. பழைய டபிள்யூ.ஈ.பி. பாதுகாப்பைக் கைவிட்டு டபிள்யூ.பி.ஏ. வகைக்கு மாறுமாறும் பின்னர் கூறப்பட்டது. இவை யாவும் ரவுட்டரில் செய்ய வேண்டிய மாற்றங்கள் என்பது நோக்கற்பாலது.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தனது வளாகத்தில் சில ஐபேட்டுகளின் இணைப்பை 2010 ஏப்ரலில் தடை செய்தது. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாக வழங்கப்படுகின்றது. காலம் முடியுமுன் கருவி அதனைப் புதுப்பித்துக் கொள்ள வேண்டும். இல்லையேல் முகவரியை விட்டு நீங்க வேண்டும். அந்த ஐபேட்டுகளோ குத்தகை முடிந்த பின்னரும் பழைய முகவரியையே தொடர்ந்து பாவித்தன. வாடகைக் காலம் முடிந்தும் வீட்டை விட்டு எழும்பாத குடியிருப்பாளரைப் போன்ற நிலை இது. அதே வீட்டை உரிமையாளர் புதியவருக்கு வாடகைக்குக் கொடுத்தால், ஒரே கதவிலக்கத்துக்கு இரு குடும்பங்கள் உரிமை கோரும். கடிதங்கள் இடம் மாறும். வலையமைப்பிலும் அதுவே நிகழும். தவறு செய்தது ஒரு கருவி. துன்பப்படக்கூடியது எத்தவறும் செய்யாத பிறிதொரு கருவி.

அவ்வாண்டு ஜூலையில் வெளியான 3.2.1 என்னும் மென்பொருள் புதுப்பித்தலின் குறிப்பில், வைஃபை இணைப்பு மேம்படுத்தப்பட்டதாக அப்பிள் தெரிவித்தது. ஒரே கருவி, ஒரே முறைப்பாடு. ஆனால் ஓரிடத்தில் ரவுட்டரின் அமைப்பும், மற்றோரிடத்தில் டெப்பின் மென்பொருளும் காரணம். முதலாவது வகையினர் புதிய ஐபேட் வாங்கியிருந்தாலும் பயனில்லை. இரண்டாவது வகையினர் புதிய ரவுட்டர் வாங்கியிருந்தாலும் பயனில்லை. 2010 ஆம் ஆண்டின் இப்பாடம் இன்றும் பழையதாகி விடவில்லை.

அவ்வாறாயின் நமது வீட்டில் தவறு எங்கே உள்ளது என எவ்வாறு அறிவது? பணச் செலவின்றிச் செய்யக்கூடிய மூன்று சோதனைகள் உள்ளன. முதலாவது, டெப்பில் இணைப்பு அறுந்த அதே நேரத்தில், அதே அறையில் உள்ள கையடக்கத் தொலைபேசியை அதே வைஃபையில் இணைத்துப் பார்த்தல். இரண்டாவது, டெப்பை ரவுட்டருக்கு மிக அருகில் எடுத்துச் சென்று பார்த்தல். மூன்றாவது, டெப்பை முற்றிலும் வேறொரு வைஃபையில், உதாரணமாக கையடக்கத் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் மூலம், இணைத்துப் பார்த்தல். இம்மூன்றின் விடைகளும் கிடைத்துவிட்டால் சந்தேகத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

தொலைபேசியும் டெப்பும் ஒரே நேரத்தில், ரவுட்டருக்கு அருகிலேயே தடுமாறுமாயின், டெப்பைக் குறை கூறுவதில் நியாயமில்லை. தவறு ரவுட்டரிலோ வெளியிணைப்பிலோ உள்ளது. திரையில் தெரியும் கோடுகள் டெப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலான அலையின் வலிமையையே காட்டுகின்றன. ரவுட்டருக்கு அப்பால் நிகழ்வதை அவை காட்டுவதில்லை. மாதாந்தத் தரவு அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கலாம். மாலை வேளையில் ஒரே 4ஜி கோபுரத்தை அயலவர் பலரும் ஒருங்கே பாவிப்பதால் நெரிசல் ஏற்பட்டிருக்கலாம். 4ஜி ரவுட்டரை யன்னலோரமாக, கோபுரம் உள்ள திசை நோக்கி நகர்த்துவது சில வேளைகளில் வியக்கத்தக்க பலனைத் தரும். ரவுட்டரின் மின் இணைப்பைத் துண்டித்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் கொடுப்பதும் பழமையான, ஆனால் பயனுள்ள பரிகாரமே. மின்தடைகளாலும் அழுத்த ஏற்ற இறக்கங்களாலும் ரவுட்டரின் மின்மாற்றி பலவீனமடைந்து, அதனால் ரவுட்டர் தானாக நின்று நின்று இயங்குவதும் உண்டு. அதன் விளக்குகள் யாவும் ஒருசேர அணைந்து மீண்டும் ஒளிர்கின்றனவா எனச் சிறிது நேரம் அவதானித்தால் இது தெரிந்துவிடும்.

ரவுட்டருக்கு அருகில் சீராக இயங்கும் டெப், உள்ளறைக்குச் சென்றதும் தடுமாறுமாயின், அங்கே குறுக்கிடுவன தூரமும் தடைகளுமாகும். கொங்கிறீற் சுவர், இரும்புக் கதவு, உலோக அலுமாரி, பெரிய நிலைக்கண்ணாடி, நீர்த்தாங்கி ஆகியன வானலைகளை உறிஞ்சும் அல்லது திருப்பியனுப்பும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டி அதிக தூரம் செல்லும். எனினும் அதில் நெரிசல் அதிகம். அயல் வீட்டு ரவுட்டர்கள், புளூடூத் கருவிகள், சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய யாவும் அதே பரப்பையே பகிர்ந்து கொள்கின்றன. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவர்களுக்கு எளிதில் தோற்றுவிடும். எனவே ரவுட்டர் உள்ள அறையில் 5 ஐயும், தொலைவிலுள்ள அறையில் 2.4 ஐயும் தெரிவு செய்வது பொருத்தமாகும். தொடர்மாடிகளிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் வசிப்போர், 2.4 அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய தடங்களில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு ரவுட்டரை மாற்றிக் கொள்ளலாம். ரவுட்டரை அலுமாரிக்குள்ளும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலும் மறைத்து வைப்பதைத் தவிர்த்து, வீட்டின் நடுப்பகுதியில் சற்று உயரமான இடத்தில் வைப்பதே சிறந்தது. டெப்புக்கு உலோகம் கலந்த உறை போடப்பட்டிருப்பின் அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தொலைபேசி நன்கு இயங்க, டெப் மாத்திரம் தடுமாறுமாயின் அப்போதே சந்தேகம் டெப்பின் பக்கம் திரும்ப வேண்டும். அங்கும் மூன்றாவது சோதனை துணைபுரியும். வேறு வைஃபையில் டெப் சீராக இயங்கினால், அதன் உறுப்புகள் நலமாகவே உள்ளன. இரு தரப்புகளுக்கிடையிலான உடன்படிக்கையில்தான் சிக்கல். டெப்பில் சேமிக்கப்பட்டுள்ள அந்த வலையமைப்பை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுத்துச் சேர்வதே இதற்குரிய முதல் மருந்து. பழைய குத்தகையைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதுவதற்கு ஒப்பானது இது. பற்றரி முற்றாக இறங்கிய பின்னர் திகதியும் நேரமும் பிழைத்திருக்குமாயின், பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். அதையும் சரிபார்க்க வேண்டும். மின்சேமிப்பு முறை, திரை அணைந்ததும் வைஃபையையும் உறங்க வைக்கக்கூடும். 2019 இல் வெளியான அண்ட்ரொய்ட் 10, 2020 இல் வெளியான ஐ.ஓ.எஸ். 14 ஆகிய மென்பொருள்களிலிருந்து, கருவிகள் தமது உண்மையான அடையாள இலக்கத்தை மறைத்து வேறோர் இலக்கத்தைக் காட்டுவது வழக்கமாகியுள்ளது. அனுமதிக்கப்பட்ட கருவிகளை மாத்திரம் ஏற்குமாறு அமைக்கப்பட்ட ரவுட்டர், அத்தகைய டெப்பை அந்நியராகக் கருதி வாசலிலேயே நிறுத்திவிடும். அந்த வலையமைப்புக்கு மட்டும் உண்மை இலக்கத்தைப் பாவிக்குமாறு டெப்பை அமைத்தால் தடை நீங்கும். மென்பொருள் புதுப்பித்தல் ஏதேனும் நிலுவையில் உள்ளதா எனப் பார்ப்பதும் அவசியம்.

எந்த வைஃபையிலும், ரவுட்டரின் அருகிலும் டெப் தடுமாறி, மேற்கூறிய பரிகாரங்களும் பயனளிக்காதவிடத்து மாத்திரமே அதன் உட்புற அன்ரனாவோ வேறு உறுப்போ பழுதடைந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. தரையில் விழுந்த அல்லது திரை மாற்றப்பட்ட கருவிகளில் இதற்கான வாய்ப்பு அதிகம். திருத்துநரிடம் செல்ல வேண்டிய தருணம் அதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. அவசரத்தில் செய்யப்படும் சில பரிகாரங்கள் நோயை விடக் கொடியவை. டெப்பின் வலையமைப்பு அமைப்புகளை மாத்திரம் மீளமைத்தால், சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அழியும். படங்களுக்கோ பாடக்குறிப்புகளுக்கோ இழப்பில்லை. ஆனால் டெப்பை முழுமையாக மீளமைத்தால், பிரதி எடுத்து வைக்கப்படாத குடும்பப் படங்களும் பாடக்குறிப்புகளும் திரும்பி வாரா. அவ்வாறே, ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்குவது வேறு. அதன் பின்புறத்துச் சிறு துளையினுள் ஊசியைச் செலுத்தி அழுத்துவது வேறு. பின்னையது, சேவை வழங்குநர் பதிந்து வைத்த அமைப்புகளையே அழித்து, இருந்த இணைப்பையும் இல்லாமலாக்கிவிடக் கூடும்.

தவறு வெளியிணைப்பில் உள்ளதென உறுதியானால், சேவை வழங்குநரிடம் முறையிடுவது நுகர்வோரின் உரிமையாகும். இணைப்பு வேலை செய்யவில்லை என்று மொட்டையாகக் கூறுவதை விட, எந்தத் திகதியில், எந்நேரத்தில், எத்தனை கருவிகளில், ரவுட்டரின் அருகில் எவ்வாறு இருந்தது என நான்கைந்து நாட்கள் ஒரு கொப்பியில் குறித்து வைத்துப் பேசுவோரின் முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பது கடினம். டெப் பழுதாக இருக்கலாம் என மறுமுனையில் கூறப்படும் வழமையான பதிலுக்கும் அக்கொப்பியே பதிலாக அமையும்.

சேவை வழங்குநர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் இதில் ஒரு பொறுப்புண்டு. ரவுட்டருடன் வரும் வழிகாட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ் அரச கரும மொழியாகவுள்ள நாட்டில், தமிழில் வாசிக்கும் இலட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு, தமது பணத்தால் வாங்கிய கருவியைத் தாமே சரிபார்த்துக் கொள்வதற்கான ஒரு பக்கக் குறிப்பேனும் தமிழில் கிடைக்க வேண்டுமென எதிர்பார்ப்பது மிகையான கோரிக்கையன்று. அக்குறிப்பு இல்லாத இடத்தில் ஊகமே வழிகாட்டியாகிறது. ஊகத்தின் முடிவு பெரும்பாலும் கடையில் கொடுக்கும் பணமாகவே அமைகிறது.

எனவே அடுத்த முறை பாடத்தின் நடுவே திரை உறைந்து நிற்கும்போது, பிள்ளையைக் கடிந்து கொள்ளவோ டெப்பைத் தட்டிப் பார்க்கவோ முன்னர் அந்த மூன்று சோதனைகளையும் செய்து பார்க்கலாம். பிள்ளையையே அவற்றைச் செய்யவிட்டு, கிடைக்கும் விடைகளை எழுதி வைக்கச் சொல்வது இன்னும் நன்று. பத்து நிமிடங்களில் முடிந்துவிடும் அப்பயிற்சி, காரணத்தைக் கண்டறிந்த பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும் என்ற பாடத்தையும் அப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்து விடும்.