வைப்புத்தொகைக்கு யார் பொறுப்பு?

வங்கிகள் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தின் பெரும்பகுதியைத் தொழிலுக்கும் வீட்டுக்கும் நீண்டகாலக் கடனாகக் கொடுத்துவிடுவதால், பணம் போட்டவர்கள் அனைவரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்டால் நல்ல நிலையில் உள்ள வங்கியாலும் கொடுக்க இயலாது. நெருக்கடிக் காலத்தில் ஓர் அரசின் திறமை, இந்த அச்சம் பரவுவதை எவ்வளவு விரைவாகத் தடுக்கிறது என்பதில்தான் முதலில் தெரிகிறது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது பெருமந்தத்தின் தொடக்கமாகச் சொல்லப்பட்டாலும், சாதாரண மக்களின் சேமிப்பை அழித்தது அதற்குப் பின் வந்த வங்கி முறிவுகளே ஆகும். 1930 டிசம்பரில் நியூயார்க்கில் ஏறத்தாழ 4 லட்சம் பேரின் சேமிப்பை வைத்திருந்த 'பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்னும் தனியார் வங்கி மூடப்பட்டபோது, இத்தகைய பீதியைத் தணிப்பதற்கென்றே 1913இல் உருவாக்கப்பட்ட மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அதைக் காப்பாற்ற முன்வரவில்லை. 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் முறிந்தன. நாட்டின் பணப்புழக்கம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. உழைப்பாளர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லாமற்போனது. நலிந்த நிறுவனங்கள் அழிந்தால் பொருளாதாரம் தானே சீராகும் என்ற அக்காலக் கருத்துக்கு விலை கொடுத்தவர்கள், அந்த நலிவுக்குச் சிறிதும் காரணமாகாத சிறுசேமிப்பாளர்கள்தாம்.

1933 மார்ச் 4 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், இரண்டே நாட்களில் நாடு முழுவதும் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தார். மார்ச் 9 அன்று, அச்சிட்ட பிரதிகள்கூட உறுப்பினர்களின் கைக்கு வராத நிலையில், அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது. 12ஆம் தேதி வானொலியில் பேசிய ரூஸ்வெல்ட், வங்கி எவ்வாறு இயங்குகிறது என்பதையும், ஆராய்ந்து உறுதிசெய்யப்பட்ட வங்கிகள் மட்டுமே திறக்கப்படும் என்பதையும் எல்லோருக்கும் புரியும் சொற்களில் விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறந்தபோது, வீட்டில் பதுக்கிய பணத்தைத் திரும்பப் போடவே மக்கள் வரிசையில் நின்றார்கள். அரசு உண்மையை மக்களிடம் நேராகச் சொன்னது, சட்டத்துக்குச் சற்றும் குறையாத பணியைச் செய்தது எனலாம்.

நிலையான பாதுகாப்பு அதன் பிறகே வந்தது. வங்கிகள் செலுத்தும் சந்தாவைக் கொண்டு, வங்கி முறிந்தாலும் குறிப்பிட்ட தொகைவரை வைப்புதாரருக்குத் திருப்பித் தரும் ஏற்பாடான வைப்புக் காப்பீட்டை ரூஸ்வெல்ட் முதலில் விரும்பவில்லை என்பதும், ஹென்றி ஸ்டீகல் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களின் விடாப்பிடியான முயற்சியால்தான் அது சட்டமானது என்பதும் நினைவில் வைக்கத் தக்கவை. 1934 ஜனவரி 1 முதல் 2,500 டாலர் வரை காப்பீடு கிடைத்தது; அவ்வாண்டு முறிந்த காப்பீடு பெற்ற வங்கிகள் ஒன்பது மட்டுமே.

இந்தியாவிலும் இழப்புக்குப் பிறகே பாதுகாப்பு வந்தது. 1906இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் திவாலானபோது, அதை நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்களுக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பின்னரே அரசு விழித்துக்கொண்டு, 1962 ஜனவரி 1 முதல் 1,500 ரூபாய் வரையிலான வைப்புகளுக்குக் காப்பீடு அளித்தது. விலைவாசி பன்மடங்கு உயர்ந்தபோதும் 1993இல் நிர்ணயித்த 1 லட்சம் ரூபாய் வரம்பு 27 ஆண்டுகள் மாறாமல் இருந்தது பொறுப்பற்ற தாமதமே. 2019இல் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி மீது கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, கணக்குக்கு 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் மக்கள் தவித்த பிறகே, 2020இல் வரம்பு 5 லட்சமாகவும், 2021இல் அத்தொகையைக் கட்டுப்பாடு விதித்த 90 நாட்களுக்குள் வழங்கவேண்டும் என்பது சட்டமாகவும் ஆனது.