பேரீச்சம்பழத்திற்குப் போன சவரப் பெட்டி

தபால்தலை சேர்ப்போர் உண்டு; நாணயம் சேர்ப்போர் உண்டு; தீப்பெட்டிப் படம் சேர்ப்போரும் உண்டு. நான் சேர்ப்பது பழைய சேஃப்டி ரேசர்களை. இதைச் சொன்னதும் விடுதி நண்பர்கள், "மீசையே சரியாக முளைக்காதவனுக்கு ரேசர் எதற்கடா?" என்று கேலி செய்தார்கள். அவர்களுக்குரிய பதிலையே இங்கு எழுத விழைகிறேன்.

என் தாத்தா மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். தாயகம் திரும்பிய துரை ஒருவர் விட்டுச் சென்ற ரேசரால்தான் அவர் இறுதிவரை சவரம் செய்துகொண்டார். நிக்கல் முலாம் பூசிய சிறு பெட்டியில் அது இருக்கும். மூடியின் உட்புறத்தில் தம் பெயரின் முதலெழுத்தை ஆணியால் கீறி வைத்திருந்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, எனக்கு எட்டு வயதிருக்கும், சின்னமனூரில் எங்கள் தெருவுக்கு வந்த பழைய இரும்பு வியாபாரியிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்து ஒரு கை பேரீச்சம்பழம் வாங்கித் தின்றேன். ரேசர் மட்டும் வீட்டில் தங்கியது. அது எந்தக் காலத்தது என்று பின்னாளில் அறிய முயன்றபோதுதான், அதன் வரலாற்றில் பாதியை விற்றுவிட்டேன் என்பது விளங்கிற்று.

ரேசரின் வரலாறு சுவையானது. 1880-ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கில் காம்ஃப் சகோதரர்கள் 'ஸ்டார்' என்னும் சேஃப்டி ரேசரைச் செய்தனர். அதன் அலகை அடிக்கடி தீட்ட வேண்டும். தீட்டாமல் தூக்கி எறியத்தக்க மெல்லிய பிளேடைக் கொண்டு வந்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளரின் துணையுடன் அது உருப்பெற்றது. 1903-இல் விற்றவை 51 ரேசர்களே! 1904 நவம்பர் 15-இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரின் முடிவுக்குள் அமெரிக்கப் படைவீரர்களுக்காக 35 இலட்சம் ரேசர்கள் வாங்கப்பட்டன. போர்முனையில் அடிபடாமல் காக்க உலோகப் பெட்டி பெரிதும் உதவிற்று.

இனி, இனங்காணும் முறைக்கு வருவோம். முதலில் பிளேடு அமரும் இடத்தைப் பாருங்கள். பழைய ஜில்லெட்டின் மேல்மூடியில் நடுவே திருகாணியும் இருபுறமும் இரு முளைகளும் இருக்கும். அதற்குரிய பிளேடில் மூன்று துளைகள். 1930-இல் நீண்ட பிளவுடைய பிளேடு வந்தது. பிடியைத் திருகினால் மேல்மூடி இரு கதவுகள்போல் திறக்கும் வகை 1934-இல் தோன்றியது. 1951 முதல் அமெரிக்காவில் செய்த ஜில்லெட் ரேசர்களில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள். எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் குறிக்கும். 'ஏ 2' என்றால் 1955-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டு. இத்தகைய குறி ஏதுமில்லாத ரேசர்களும் பல உண்டு. அவற்றுக்குப் பெட்டியே சாட்சி.

பெட்டியின் உலோகத்தை அறியக் காந்தம் ஒன்று போதும். ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாமல், முலாம் தேய்ந்த மூலைகளில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மிக இலேசாக இருந்து வெண்பொடி பூத்தால் அலுமினியம். ஒட்டாமல் கனத்து, கொப்புளம்போல் உப்பி வெடித்திருந்தால் துத்தநாகக் கலவை. அதைச் சீராக்க இயலாது. உள்ளே இருக்கும் பள்ளத்தில் ரேசர் கச்சிதமாக அமர வேண்டும். ஆடினால், பெட்டி ஒன்று, ரேசர் வேறொன்று என்று கொள்க.

பெட்டியே கருவியாக அமைந்ததும் உண்டு. இலண்டன் கிரிக்கிள்வுட்டில் செய்த 'ரோல்ஸ் ரேசர்' அத்தகையது. ஒரு பக்க மூடியில் சாணைக்கல், மறுபக்க மூடியில் தோல்வார். உள்ளிருக்கும் பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் அலகு புரண்டு புரண்டு தீட்டப்படும். 'இம்பீரியல்', 'வைகவுண்ட்' என்று மூடியிலேயே வகைப் பெயர் இருக்கும்.

இவை நம் பள்ளத்தாக்குக்கு எப்படி வந்தன? மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் சென்ற காலம் ஒன்றிருந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயிலும் வந்தது. தேயிலை இறங்கிய வழியில் துரைமாரின் வீட்டுப் பொருள்கள் ஏறியிருக்கும். அவர்கள் சென்றபின் எழுத்தர், சமையற்காரர், ஓட்டுநர் வீடுகளில் அவை தங்கின. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் வீடு இடித்துக் கட்டும்போது, எடைக்கு எடை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

கிடைத்ததும் பளபளப்பாக்கத் துடிக்காதீர்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் மெல்லிய முலாம் போய்விடும், எழுத்துகளும் மழுங்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் போதும். ஈரத்தை உடனே துடைத்துவிட வேண்டும். உள்ளே பழைய பிளேடு இருந்தால் விரல் படாமல் எடுத்துக் கெட்டித்தாளில் சுற்றி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடையது, எங்கே வாங்கியது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அந்தச் சீட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

என்னிடம் இப்போது ஒன்பது ரேசர்களும் நான்கு பெட்டிகளும் உள்ளன. தேனியிலும் கம்பத்திலும் பழைய இரும்புக் கடைக்காரர்கள் என்னைக் கண்டதும், "தம்பி, டப்பா ஒண்ணு வந்திருக்கு" என்று எடுத்து வைக்கிறார்கள். நான் காந்தத்தை எடுப்பதற்கு முன், மூடியைத் திறந்து உட்புறத்தைப் பார்க்கிறேன். ஆணியால் கீறிய அந்த எழுத்து இன்னும் அகப்படவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் எது கிடக்கிறதோ, அதை விற்பதற்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள் நண்பர்களே!