கண் முகாமின் கொல்லைப்புறக் கலாட்டா!

மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூட வாசல். 'மாபெரும் இலவசக் கண் சிகிச்சை முகாம்' என்று பேனர். ஓரத்தில் அரிமா சங்கத்துச் சிங்கம், இன்னோர் ஓரத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பெயர், நடுவில் கும்பிட்டபடி உள்ளூர்ப் பிரமுகர்கள். ஊரே முன்வாசல் வழியாகத்தான் வரும். நாம் கொல்லைப்புறமாக நுழைவோம், வாங்க!

டாக்டர்கள் வேன் இன்னும் வரவில்லை. ஆனால் உள்ளே கல்யாண வீட்டுக் களை கட்டிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிய ஜவுளிக்கடைக்காரர் பெஞ்சு இழுக்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார் பதிவுச் சீட்டுகளை அடுக்குகிறார். இரண்டு இளவட்டங்கள் டேப்பை நீட்டித் தரையில் ஆறு மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டில் உட்கார வைத்துத்தான் பார்வையைச் சோதிப்பார்கள். சாம்பார் வாசனை வேறு மூக்கைத் துளைக்கிறது!

வேலைப் பிரிவினை சுத்தமானது. இடம், விளம்பரம், ஆள் அம்பு எல்லாம் சங்கத்தின் தலையில். பரிசோதனையும் ஆபரேஷனும் மருத்துவமனையின் கையில். சங்கத்தாரைக் கேட்டால், பெஞ்சு தூக்குவதைவிட ஊரைக் கிளப்புவதுதான் பெரும்பாடு என்பார்கள். நோட்டீஸ், ஆட்டோ மைக், டீக்கடைப் பேச்சு, கோயில் ஒலிபெருக்கி என ஒன்றையும் விடுவதில்லை. நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'தலைக்குக் குளித்து, மாற்றுத் துணியுடன் வரவும்.' அன்றைக்கே ஆபரேஷனுக்குக் கிளம்ப வேண்டியிருக்கலாமே, அதற்குத்தான்!

மூணு காலு எந்தப் பக்கம்?

ஒன்பது மணிக்கெல்லாம் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே ஒரு பலகை இருக்கிறது. மூன்று கால் நீட்டிய ஒரே எழுத்து இடமும் வலமும் மேலும் கீழுமாகத் திரும்பித் திரும்பி நிற்கும்.

"ஆத்தா, மூணு காலும் எந்தப் பக்கம் நீட்டியிருக்கு? கையால காட்டுங்க."

"உன் மூஞ்சியே மசமசன்னு இருக்கு, அதுல காலை எங்கிட்டுத் தேடுறது?"

கூடம் கொல்லென்று சிரிக்கிறது. ஆத்தாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்து டாக்டர், கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தொண்டர் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். மூலையில் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். கண்ணாடியை அங்கேயே தேய்த்து ஃபிரேமில் மாட்டிக் கொடுக்கிறார்கள். மாட்டிய பெரியவர் முதலில் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை. "அடேயப்பா, மணி பதினொண்ணா?"

பதினோரு படுக்கையில் ஆரம்பம்

1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களாலேயே கத்தி பிடித்துப் பழகியவர் அவர். தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

முதலில் ஒரு புதிர். ஆபரேஷன் இலவசம் என்றாலும் பலர் வரவில்லை. விசாரித்தால், பஸ் காசு யார் தருவது? சாப்பாட்டுக்கு என்ன வழி? துணைக்கு வருகிறவரின் கூலி போகுமே? அதன் பிறகுதான் பஸ்ஸும் சாப்பாடும் சிகிச்சையின் பகுதியாயின. கூட்டமும் வரத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் கண்புரையை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, விலையோ எட்டாக்கனி. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி லென்ஸ் தயாரானதும் விலை மளமளவென்று இறங்கியது. ஏழைக் கண்ணுக்கும் லென்ஸ் கிடைத்தது.

செலக்ட் ஆயாச்சு!

முகாமுக்குத் திரும்புவோம். மதியம்தான் உச்சக்கட்டம். ஆபரேஷனுக்கு யார் யார் என்று அப்போதுதான் தெரியும். "நான் செலக்ட் ஆயிட்டேன்!" என்று ஒரு தாத்தா, பட்டாளத்தில் சேர்ந்த மிடுக்கோடு அறிவிக்கிறார். மூலையில் நம்ம ஆத்தா மட்டும் முரண்டு பிடிக்கிறார். ஆபரேஷன் பயமில்லையாம், வீட்டில் ஆடு தனியாக நிற்கிறதாம்! ஜவுளிக்கடைக்காரர் செல்போனை எடுக்கிறார். மகனிடம் பேசி, பக்கத்து வீட்டாரிடம் பேசி, ஆட்டுக்குத் தழை போட ஆள் பிடித்த பிறகுதான் ஆத்தா பஸ் படியில் கால் வைத்தார். மாற்றுப் புடவை வைத்த மஞ்சப்பையை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

ஆபரேஷன் சில நிமிட வேலை. ஓரிரு நாளில் கறுப்புக் கண்ணாடி சகிதம் சினிமா நட்சத்திரங்களாக ஊர் திரும்புவார்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை உண்டு. அன்றைக்கும் இதே சங்கத்தார்தான் பெஞ்சு இழுப்பார்கள்.

இந்தியாவில் பார்வை பறிபோவதற்கு முதல் காரணம் இன்றும் கண்புரைதான். அதற்கு வைத்தியம் இருக்கிறது, லென்ஸும் இருக்கிறது. வாசல்வரை வந்து கூட்டிப்போகும் ஆள்தான் பல பேருக்கு இல்லை. அந்த இடத்தை நிரப்புவது இந்தச் சங்கங்கள். அடுத்த முறை உங்கள் தெருவில் ஆட்டோ மைக் அலறினால் ஜன்னலைச் சாத்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு நீங்களும் கிளம்புங்கள். பெஞ்சு தூக்கவும் ஆள் தேவைப்படும்!