“டபுள்” பிறந்த கதை

“ஒரு டபுள் ஸ்ட்ராங் காப்பி!” என்று ஓட்டலில் கேட்கிறோம். சாவி தொலைந்தால், “டூப்ளிகேட் சாவி எங்கே?” என்று தேடுகிறோம். மாடியும் கீழ்த்தளமும் சேர்ந்த வீட்டை, “டூப்ளெக்ஸ் வீடு” என்கிறார்கள்.

டபுள், டூப்ளிகேட், டூப்ளெக்ஸ் ஆகிய மூன்று சொற்களும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அவற்றின் பூர்வீகம் ரோமாபுரி, தாய்மொழி லத்தீன்.

மடித்தால் இரண்டு

லத்தீனில் “டுவோ” என்றால் இரண்டு. “பிளிக்காரே” என்றால் மடித்தல். ஒரு துணியை நடுவில் மடித்தால் இரண்டு அடுக்கு ஆகிறதல்லவா? அதுதான் “டூப்ளெக்ஸ்”. இரண்டாக மடிந்தது என்று பொருள். இரட்டிப்பாக்குவது “டுப்ளிகாரே”. அதிலிருந்து டூப்ளிகேட் வந்தது.

இதன் உடன்பிறப்பான “டுப்ளுஸ்” பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து “டபுள்” ஆயிற்று. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்தில் குடியேறின. அவற்றோடு இதுவும் வந்தது.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். “விலை இரு மடங்கு ஆகிவிட்டது” என்று நாம் சொல்கிறோம். மடங்கு என்பதும் மடிப்பதில் பிறந்த சொல்தான்! ரோமரைப் பார்த்துத் தமிழர் எழுதவில்லை. தமிழரைப் பார்த்து ரோமரும் எழுதவில்லை. துணி மடிக்கிற கை எங்கும் ஒன்றுதானே!

இரண்டு மனம்

“டுவோ”வின் சந்ததி பெரியது. பன்னிரண்டுக்கு லத்தீனில் “டுவோடெக்கிம்”, அதாவது இரண்டும் பத்தும். அதுதான் வாழைப்பழக் கடையில் நாம் கேட்கும் “டஜன்”. சந்தேகத்துக்கு ஆங்கிலத்தில் “டவுட்” என்கிறார்களே, அதுவும் இந்த வம்சமே. மனம் ஒன்றாக இல்லாமல் இரண்டாகப் பிரிந்து நிற்பதுதானே சந்தேகம்!

சம்ஸ்கிருத “த்வி”யும் லத்தீன் “டுவோ”வும் ஒரே வேரில் கிளைத்தவை. இரு மொழி பேசியவர் “துபாஷி” ஆனார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை யார் மறக்க முடியும்? 1736-ல் தொடங்கி அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் சரித்திரப் பொக்கிஷம்.

உள்ளே ஒன்று வைத்துப் புறத்தே ஒன்று பேசுவதை ஆங்கிலத்தில் “டுப்ளிசிட்டி” என்பார்கள். நம் ஊரில் “உண்ட வீட்டுக்கு இரண்டகம்” என்கிறோம். இங்கும் இரண்டு வந்துவிட்டது!

வெண்கலச் சாட்சி

அப்படியானால் இரட்டை என்றாலே ஏமாற்றுதானா? இல்லை.

ரோம சாம்ராஜ்யத்தில் குடியுரிமை இல்லாதவர்களும் துணைப் படையில் சிப்பாய்களாகச் சேர்ந்தார்கள். 25 ஆண்டு உழைத்தவனுக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு அத்தாட்சியாக இரண்டு வெண்கலத் தகடுகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்திலிருந்தே இத்தகைய தகடுகள் கிடைத்திருக்கின்றன.

அவற்றில் ஒரே வாசகம் இரண்டு தடவை பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வெளியே, எல்லோரும் படிக்க. மற்றொன்று உள்ளே, யாரும் தொட முடியாதபடி. கட்டின்மேல் ஏழு சாட்சிகளின் முத்திரை. வெளி எழுத்தை எவனாவது திருத்திவிட்டான் என்று வழக்கு வந்தால், முத்திரையை உடைத்து உள் எழுத்தைப் பார்க்கலாம்.

கால் நூற்றாண்டு ரத்தம் சிந்தியவனின் உரிமையை அந்த இரண்டாவது பிரதி காவல் காத்தது. ஆராய்ச்சியாளர்கள் இத்தகடுகளை “டிப்ளமா” என்று அழைக்கிறார்கள். இது கிரேக்கச் சொல். இதற்கும் பொருள், இரண்டாக மடித்தது என்பதே! நம் பிள்ளைகள் பாலிடெக்னிக்கில் வாங்கும் டிப்ளமாவும் இதே சொல்தான்.

போலி வேறு, பிரதி வேறு

இன்று “டூப்ளிகேட் சரக்கு” என்றால் போலிச் சரக்கு என்று அர்த்தமாகிவிட்டது. காவல்காரன் பெயரையே திருடனுக்கும் வைத்துவிட்டோம்!

ஆனால் 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது என்ன நடந்தது? பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை எல்லாவற்றையும் தண்ணீரில் பறிகொடுத்துப் பல குடும்பங்கள் தவித்தன. மாற்று ஆவணங்கள் வழங்க அரசாங்கம் சிறப்பு முகாம்கள் நடத்தியது. அங்கே வரிசையில் நின்ற தாய்மார்களுக்கு, மகளின் மார்க் ஷீட்டுக்கு ஒரு டூப்ளிகேட் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம்!

போலி, அசலைப் போல நடிக்கிறது. பிரதி, அசல் அழிந்தாலும் உண்மை அழியாமல் பார்த்துக்கொள்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் முக்கியப் பத்திரங்களுக்குப் பிரதி இருக்கிறதா? இல்லையென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து, வேறு இடத்தில் பத்திரப்படுத்தி வையுங்கள்.